செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 24 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் படித்தபோது நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு திகில் கேம் செய்தோம். இரவு 2 மணி. நீங்கள் உணவு டெலிவரி செய்பவர். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் எட்டாவது மாடிக்குப் பொட்டலம் கொண்டுபோக வேண்டும். லிஃப்ட் 1, 5, 9 மாடிகளில் மட்டும்தான் நிற்கும். தாழ்வாரத்தில் ஒவ்வொரு வாசலிலும் செருப்பு கிடக்கும், குனிந்து பார்க்க வேண்டும். முனை கதவைப் பார்த்திருந்தால் தாண்டிப் போகலாம். தாழ்வாரத்தைப் பார்த்திருந்தால் கைபேசி விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். தவறினால் மறுபடியும் கீழ்த்தளத்திலிருந்து தொடங்க வேண்டும். விளையாடியவர்கள் அலறியிருக்கிறார்கள். இப்போது ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம் இதைத் தமிழில் 80 நிமிடப் படமாக எழுதித் தரச் சொல்லி, நானும் 94 பக்கம் எழுதிவிட்டேன். படித்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "யாரோ விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கிறது." பேய் போதவில்லையா? ஒரு காதலியைச் சேர்க்கட்டுமா? முழுப் படத்தையும் அவன் கண் வழியாகவே காட்டினால் சரியாகுமா? ரொம்ப மாற்றினால் கேம் விளையாடியவர்கள் திட்டுவார்களோ என்றும் யோசனையாக இருக்கிறது.

பதில்:

அன்புத் தம்பி,

தொண்ணூறுகளின் கடைசியில் அங் மோ கியோவில் என் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். அக்கா மகனுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளி விடுமுறையில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு பிளேஸ்டேஷனில் 'ரெசிடென்ட் ஈவில்' என்ற திகில் கேம் ஆடிக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த துணி மடிப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே திரை, ஒரே சத்தம். அவன் நெற்றி வியர்த்திருக்கும். நான் ஜோடி சேராத காலுறையைத் தேடிக்கொண்டிருப்பேன். "ஏன்டா, ஒரு கதவைத் திறக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டதுகூட நினைவிருக்கிறது.

ஒருநாள் அவனுக்கு அவசரம். "சித்தி, இதப் பிடிங்க, எதையும் அமுக்காதீங்க" என்று கன்ட்ரோலரை என் கையில் திணித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினான். திரையில் ஒரு கதவு. துணி மடித்தபடி அதே மாதிரிக் கதவுகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது நான் ஒரு பொத்தானை அமுக்கினால் அது திறக்கும். அது தெரிந்ததுமே அடிவயிறு சில்லிட்டுவிட்டது. அவன் திரும்பி வரும்வரை அந்தப் பொத்தானின் பக்கம் என் விரல் போகவில்லை.

உங்கள் 94 பக்கத்தைப் படிப்பவர் கையில் கன்ட்ரோலர் இல்லை, தம்பி. அவர் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நண்பர்கள் சொன்னதும் இதைத்தான். பேயின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

1996-ல் கேப்காம் வெளியிட்ட அந்த முதல் ஆட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அறை மாறும்போதெல்லாம் இருட்டில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். வட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றுவதற்கு இயந்திரத்துக்கு நேரம் தேவைப்பட்டது, அதை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. கேமரா ஒரு மூலையில் ஆணி அடித்தது போல நிற்கும். வளைவுக்கு அப்பால் முனகல் கேட்கும், ஆள் தெரியாது. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சு இயந்திரம் ஒன்றைத் தேட வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும், நாடாவும் எண்ணித்தான் கிடைக்கும். 1999-ல் வந்த 'சைலன்ட் ஹில்' ஆட்டத்தின் மூடுபனியும் இப்படிப் பிறந்ததுதான். தூரத்துத் தெருவை வரைய அந்தக் காலத்துப் பிளேஸ்டேஷனுக்குச் சக்தி கிடையாது. அதனால் ஊர் முழுக்கப் பனியைப் போர்த்திவிட்டார்கள். நம் வீட்டில் விருந்தாளி வந்தால் உடைந்த சோபாமீது போர்வை விரிப்போமே, அந்த மாதிரி.

இவை எல்லாம் ஆடுகிறவனிடமிருந்து எதையோ பறிக்கின்றன. பார்வையை, தோட்டாவை, சேமித்து வைக்கும் வசதியை. திரையரங்கில் உட்கார்ந்திருப்பவரிடம் பறிக்க என்ன இருக்கிறது? கையில் பாப்கார்ன்தான். அதனால்தான் கேமிலிருந்து பனியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து படத்தில் கொட்டினால் அழகாக இருக்கிறதே தவிர அடிவயிறு சில்லிடுவதில்லை. 'சைலன்ட் ஹில்' ஆட்டத்தில் கையிலிருக்கும் வானொலிப்பெட்டி இரைந்தால் பக்கத்தில் ஏதோ வருகிறது என்று அர்த்தம். ஆடுகிறவனுக்கு அது தகவல். ஓடுவதா நிற்பதா என்று அடுத்த நொடி முடிவு செய்தாக வேண்டும். படத்தில் அதே இரைச்சல் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடும், அதன் அர்த்தத்தை ரசிகனுக்கு முன்கூட்டியே கற்றுக் கொடுத்திருந்தால் ஒழிய. இந்தக் கற்றுக் கொடுக்கும் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், உங்கள் படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதலில் கண் வழியாகக் காட்டும் யோசனையை முடித்துவிடலாம். வேண்டாம். 1947-லேயே ராபர்ட் மான்ட்கோமரி என்ற ஹாலிவுட் நடிகர் 'லேடி இன் தி லேக்' என்ற துப்பறியும் படத்தை அநேகமாக முழுக்கவே நாயகன் கண் வழியாக எடுத்துப் பார்த்துவிட்டார். ஒரு வித்தை என்று இன்றும் பேசுகிறார்கள், மனம் பதறியது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. துப்பாக்கிச் சண்டைக் கேம் ஒன்றிலிருந்து 2005-ல் வந்த 'டூம்' படத்தில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் துப்பாக்கி முனையும் கையும் மட்டும் தெரிய ஓடுவார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு. நம் கை அசைக்காமல் கேமரா தானாகத் திரும்பும்போது மூளை உடனே கண்டுபிடித்துவிடுகிறது: ஆடுவது நான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கிறது என்ற அதே புகார் இன்னும் பலமாக வரும். 2003-ல் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெட்' படத்தை இயக்கிய ஊவே போல், நடுநடுவே அசல் கேமின் காட்சித் துண்டுகளையே வெட்டி ஒட்டினார். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பணக்கணக்கு மட்டும் பார்த்தால் நான் சொல்வதெல்லாம் பொய் என்று நீங்கள் வாதாடலாம், நியாயம்தான். 'ரெசிடென்ட் ஈவில்' படத்துக்கு முதலில் ஸோம்பி படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ ஒரு திரைக்கதை எழுதினார், அதை ஏற்கவில்லை. பிறகு இயக்குநர் பால் ஆண்டர்சன் கேமில் இல்லவே இல்லாத ஆலிஸ் என்ற பெண்ணை நாயகியாக்கி 2002-ல் படம் எடுத்தார். 2016 வரை ஆறு படங்கள், உலகமெங்கும் 120 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூல். ஆனால் அவை அடிதடிப் படங்கள், பயப்பட யாரும் டிக்கெட் வாங்கவில்லை. 2021-ல் இன்னொரு குழு வந்து, மாளிகையையும் காவல் நிலையத்தையும் கேமில் இருப்பது போலவே அரங்கம் போட்டு, முதல் இரண்டு ஆட்டங்களின் கதையையும் ஒரே படத்துக்குள் அடைத்தது. இடமெல்லாம் அச்சு அசல். நேரம்தான் இல்லை. ஆட்டத்தில் அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்த நடையைப் படத்தில் அரை நிமிடத்தில் கடந்து போகிறார்கள். விசிறிகள் கேட்டது அந்த மாளிகையை என்று தயாரித்தவர்கள் நினைத்தார்கள். மாளிகைக்குள் தாங்கள் பதுங்கிப் பதுங்கி நடந்ததைத்தான் அவர்கள் நினைத்து ஏங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சரி, நான் உங்களைப் பார்க்கச் சொல்லும் படம் ஒன்று இருக்கிறது. 'எக்ஸிட் 8'. 2023-ல் ஜப்பானில் வந்த சின்னக் கேம். நிலத்தடி ரயில் நிலையத்தின் வெள்ளை ஓடு பதித்த நடைபாதை ஒன்று, அவ்வளவுதான். நம் ஊர் எம்ஆர்டி சுரங்கப்பாதை மாதிரியே இருக்கும். நடந்து போகும்போது வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் உடனே திரும்ப வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் நேரே போக வேண்டும். சரியாகச் செய்தால் எட்டாம் வாசல் வரும். தவறினால் மறுபடி பூஜ்யம். கதை என்று ஒன்று கிடையாது, ஆடுகிறவனுக்குப் பெயர்கூட இல்லை. உங்கள் கேமுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே சொல்லலாம்.

2025-ல் கென்கி கவாமுரா இதைப் படமாக்கினார். அவர் கூடுதலாகப் பேயைச் சேர்க்கவில்லை. தொடக்கத்திலேயே ரயிலுக்குள் ஒரு காட்சி வைத்தார். அழும் குழந்தையோடு நிற்கும் தாயை ஒருவன் கண்டபடி திட்டுகிறான். பெட்டியில் இருக்கும் எல்லாரையும் போல நம் ஆளும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் பிரிந்துபோன காதலியிடமிருந்து அழைப்பு, அவள் கருவுற்றிருக்கிறாள். என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் நடைபாதை சுற்றத் தொடங்குகிறது. இப்போது அந்தக் கேமின் விதியை மறுபடி படியுங்கள்: வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுகொள்ளாமல் போகாதே. கேமில் அது விளையாட்டு விதி. படத்தில் அது அந்த ஆளின் குணத்துக்கே வைத்த பரீட்சை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இன்னொன்றையும் அந்தப் படம் செய்கிறது. விதியை நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நடைபாதையை நிதானமாகக் காட்டுகிறது. சுவரொட்டி, கதவு, விளக்கு, எதிரே வரும் ஆள். நாமே தேட ஆரம்பித்துவிடுகிறோம். அவன் கவனிக்காததை நாம் முதலில் கண்டுபிடித்துவிட்டுத் தவிக்கிறோம், 'டேய், அங்கே பார்' என்று. கன்ட்ரோலர் கையிலிருந்து கண்ணுக்கு வந்துவிட்டது. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்: கேமின் கதையைப் படத்துக்குக் கொண்டு போகாதீர்கள், விதியைக் கொண்டு போங்கள்.

இப்போது உங்கள் செருப்புக்கு வருவோம்.

பொறாமையாக இருக்கிறது, தம்பி. முப்பது ஆண்டுகளாகத் திரைக்கதை எழுதுகிறேன், இந்த ஊரில் வாசலுக்கு வாசல் கிடக்கும் செருப்பு எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, இரவில் செருப்பைக் கட்டிலைப் பார்த்தபடி விடாதே, யாராவது அதில் கால் நுழைத்துக்கொண்டு படுக்கைக்கு வந்துவிடுவார்கள் என்பார். நீங்கள் அதை எங்கிருந்து பிடித்தீர்களோ, அந்த நரம்பைத் தொட்டிருக்கிறீர்கள். ஆனால் திரைக்கதையில் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் இணைத்திருந்த பக்கங்களைப் படித்தேன். 31-ஆம் பக்கத்தில், காவலாளி ஒருவர் வந்து வசனமாக விளக்குகிறார். அதற்குள் அவன் நான்கு தாழ்வாரங்களைக் கடந்துவிட்டான். அந்த நான்கிலும் எதைப் பார்ப்பது என்று ரசிகனுக்குத் தெரியவில்லை. கேமில் முதல் நிமிடத்திலேயே திரையில் சொல்லிவிடுகிறீர்கள் இல்லையா? படத்திலும் முதல் பத்து நிமிடத்துக்குள் தெரிந்தாக வேண்டும். வசனத்தில் வேண்டாம். அவன் தொழிலிலேயே வழி இருக்கிறது.

பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு டெலிவரி செய்பவர் என்ன செய்கிறார்? படம் எடுக்கிறார். வைத்ததற்கு அத்தாட்சி. அந்தப் படத்தில் பொட்டலம், கதவின் அடிப்பாகம், செருப்பு. இதைவிட உங்களுக்கு என்ன வேண்டும்? முதல் ஐந்து நிமிடத்தில் ஐந்து டெலிவரி, ஐந்து படம். ஐந்திலும் செருப்பு கதவைப் பார்த்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைகிறவர் கழற்றிவிட்டால் அப்படித்தானே கிடக்கும். ஆறாவது படத்தில் ஒரு ஜோடி மட்டும் திரும்பிக் கிடக்கிறது. அவன் கவனிக்கவில்லை, அடுத்த ஆர்டரைப் பார்க்கிறான். நாம் கவனித்துவிட்டோம். அந்த நொடியிலிருந்து தாழ்வாரம் வந்தாலே நம் கண் கீழே போகும். அகலமான ஷாட், நீளமாக விடுங்கள், வெட்டாதீர்கள். இசையும் வேண்டாம். இருபது வாசல் தெரிகிற தாழ்வாரத்தில் ரசிகன் தானாகவே தேடுவான்.

அடுத்த சிக்கல்: இவன் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? கேம் ஆடுகிறவன் இதைக் கேட்கமாட்டான், ஆட வேண்டும் என்றுதானே உட்கார்ந்திருக்கிறான். படம் பார்க்கிறவன் மூன்றாவது நிமிடத்திலேயே கேட்பான். இரவு 2 மணி, ஆளில்லாத தாழ்வாரம், செருப்பு தானாகத் திரும்புகிறது. எந்தப் புத்தியுள்ள பிள்ளையும் ஆர்டரை ரத்து செய்துவிட்டு மோட்டார்சைக்கிளை எடுப்பான். காதலியைச் சேர்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அவள் இரண்டு பாட்டு நேரத்துக்குத்தான் உதவுவாள்.

அவனால் திரும்ப முடியாததற்குக் காரணம் அவனுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு இதே எட்டாவது மாடிக்கு அவன் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறான். தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி. முதல்நாள் வைத்த பொட்டலம் அப்படியே வாசலில் கிடந்தது. பக்கத்தில் செருப்பு, கதவைப் பார்த்தபடி. அதாவது ஆள் உள்ளே. அவன் குனிந்து பார்க்கவில்லை, தட்டவில்லை. புதிய பொட்டலத்தைப் பழையதற்குப் பக்கத்தில் வைத்து, படம் எடுத்து, போய்விட்டான். தனியே இறந்து நாள் கடந்து கண்டுபிடிக்கப்படும் முதியவர்களைப் பற்றி இந்த ஊரில் செய்தி படிக்காதவர் யார்? இப்போது குனிந்து பார் என்ற உங்கள் விதி எங்கே போய்க் குத்துகிறது பாருங்கள். இதற்கு அழுகை, ஃபிளாஷ்பேக், வயலின் ஒன்றும் வேண்டாம். அவன் கைபேசியில் அந்தப் பழைய படம் இருக்கிறது, அழிக்காமல் வைத்திருக்கிறான். ஒரே ஒருமுறை காட்டினால் போதும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இதைத் தவறவிட்டவர்கள் கெட்டிக்காரர்கள். 2001-ல் வந்த 'சைலன்ட் ஹில் 2' ஆட்டத்தில் முக்கோணத் தலையோடு ஓர் உருவம் வரும். நாயகன் ஜேம்ஸின் குற்றவுணர்வு எடுத்த வடிவம் அது. 2006-ல் கிறிஸ்டோஃப் கான்ஸ் முதல் ஆட்டத்தை வைத்துப் படம் எடுத்தபோது, தேடிப் போகும் தந்தையைத் தாயாக மாற்றினார், அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கும். ஆட்டத்துக்கு இசையமைத்த அகிரா யமாவோகாவின் இசையையும் விடாமல் பிடித்துக்கொண்டார். ஆனால் ஜேம்ஸே இல்லாத கதைக்குள் அந்த உருவத்தையும் கொண்டுவந்தார். பார்க்கப் பிரமாதம். யாருடைய பாவம் அது? யாருடையதும் இல்லை. பெரிய கத்தி வைத்திருக்கும் ஆள், அவ்வளவுதான். பேய்க்கு விலாசம் வேண்டும், தம்பி.

விலாசத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 'டிடென்ஷன்'. 2017-ல் தைவானில் வந்த ஆட்டம், 1960களின் ராணுவச் சட்ட காலத்துப் பள்ளிக்கூடம். ஜான் சூ 2019-ல் எடுத்த படம் தைவானின் கோல்டன் ஹார்ஸ் திரைப்பட விருது விழாவில் தழுவல் திரைக்கதை உட்பட ஐந்து விருதுகள் வாங்கியது. அங்கே வரும் பயங்கரம் ஒரு நாட்டின் நினைவிலிருந்து வருகிறது, தடை செய்த புத்தகம் படித்ததற்காகக் காட்டிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் கதை. உங்கள் புளோக்குக்கும் அப்படி ஒரு பின்னணி கையருகிலேயே இருக்கிறது. லிஃப்ட் 1, 5, 9-ல் மட்டும் நிற்கிறது என்றால் இன்றைய ரசிகன் சிரிப்பான். 2001-ல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா புளோக்கிலும் மாடிக்கு மாடி நிற்கிறதே. இடிக்கப்போகும் புளோக் என்று வைத்துவிடுங்கள். ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுக்குத் தேர்வாகி, பெரும்பாலானோர் வீடு மாறிவிட்டார்கள், லிஃப்டைப் பற்றி இனி யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆள் இல்லாத வீட்டு வாசலில் செருப்பு ஏன் என்ற கேள்வியும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆளில்லாத புளோக்கிலிருந்து ஆர்டர் எப்படி வந்தது என்பதும்.

தோற்றால் கீழ்த்தளத்துக்குத் திரும்பும் விஷயத்தில் கவனம். ஆட்டத்தில் சாவு ஒரு டியூஷன் வகுப்பு, ஒவ்வொரு தடவையும் ஏதோ கற்றுக்கொண்டு திரும்புகிறோம். படத்தில் செத்தவன் எழுந்து வந்தால் அடுத்த சாவுக்கு மதிப்பில்லை. 2025-ல் வந்த 'அன்டில் டான்' படம், 2015 கேமின் கதையை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப ஆடும் அனுபவத்தையே கதையாக்கிப் பார்த்தது. ஒரே இரவு மறுபடி மறுபடி வருகிறது. யோசனை புத்திசாலித்தனமானது, ஆனால் எனக்கு நடுவில் பயம் ஒழுகிவிட்டது. நீங்கள் ஏழு முறை திரும்ப வைத்திருக்கிறீர்கள். மூன்று போதும். ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் அவனிடம் ஒன்று குறைய வேண்டும். மணி மட்டும் 2-ஐ விட்டு நகரக்கூடாது. எது குறைகிறது என்பதை நீங்கள் யோசியுங்கள், எனக்குத் தோன்றியது கைபேசியில் உள்ள படங்கள் ஒவ்வொன்றாக.

பேய் போதவில்லையா என்று கேட்டீர்கள். ஒன்றே போதும். அதுவும் முழுசாகத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் திரைக்கதையில் மலாய்க் கதைகளின் பெண்பேயான ஒரு பொந்தியானாக், சீனர்களின் ஏழாம் மாதத்து ஆவிகள், ஒரு முனி, எல்லாரும் வந்து போகிறார்கள். தேசிய தினக் கலைநிகழ்ச்சி மாதிரி எல்லா இனத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். 'ட்ரெட்அவுட்' என்ற இந்தோனீசிய ஆட்டத்தில் இப்படி விதவிதமான ஆவிகளைக் கைபேசிக் கேமராவால் விரட்டலாம், ஆட்டத்துக்கு அது சரி, லெவலுக்கு ஒன்று வேண்டுமே. 80 நிமிடப் படத்துக்குக் கூட்டம் அதிகம். பொந்தியானாக் என்றதும் ஒரு தகவல், உங்களுக்குப் பயன்படாது, இருந்தாலும் சொல்கிறேன். 1957-ல் இங்கே கேத்தே-கெரிஸ் பட நிறுவனம் எடுத்த முதல் 'பொந்தியானாக்' படத்தின் இயக்குநர் பி. என். ராவ். அதற்கு முன் தமிழ்ப்படங்கள் இயக்கியவர். சிங்கப்பூர்த் திரையின் புகழ்பெற்ற பேய்க்குப் பின்னால் நம் கோடம்பாக்கத்துக் கையும் இருக்கிறது.

விளையாடியவர்கள் திட்டுவார்களா என்றால், திட்டுவார்கள். ஆனால் எதற்கு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்' ஆட்டத்தில் நீங்கள் ஒரு அறையில் உட்கார்ந்து உங்களைத் தாக்க வரும் இயந்திரப் பொம்மைகளைப் பாதுகாப்புக் கேமராக்களில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மின்சாரம் தீரத் தீரக் கதவை மூடவும் யோசிக்க வேண்டும். 2023 படத்தில் அந்த மின்சாரக் கணக்கு கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. விமர்சகர்கள் பயமே இல்லை என்றார்கள். விசிறிகளோ கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஜிம் ஹென்சன் நிறுவனத்தார் அந்தப் பொம்மைகளை நிஜமாகவே செய்து நிறுத்தியிருந்தார்கள், விசிறிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. சுமார் 2 கோடி டாலரில் எடுத்த படம் 30 கோடியை நெருங்கியது. ஆக, எதைத் தொட்டால் உங்கள் ஆட்கள் கோபப்படுவார்கள்? என் கணிப்பு, செருப்பு விதியும் லிஃப்ட் மணிச் சத்தமும். அவை இரண்டையும் அப்படியே வையுங்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

இனி கொஞ்சம் அலுப்பான விஷயங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தயாரிப்பாளருக்காகக் கைபேசிக் கேம் ஒன்றை இணையத் தொடராக எழுதினேன். பதினொரு லெவலையும் விடாமல் எழுதினேன் என்பது என் தவறு. படத்தொகுப்பு முடியும் நேரத்தில்தான், அந்தக் கேமின் இசையைக் கேமுக்குள் மட்டும் பயன்படுத்தத்தான் உரிமை வாங்கியிருந்தார்கள் என்று தெரிந்தது. முழுத் தொடருக்கும் புதிதாக இசை போட்டோம். உங்கள் காலடிச் சத்தம், கதவு, எழுத்துரு, இணையக் கடையில் வாங்கிய முப்பரிமாண உருவங்கள், எல்லாவற்றுக்கும் உரிமப் பத்திரத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு என்று ஒன்று கிடையாது, உருவாக்கியதும் தானாக வந்துவிடும். அதனால்தான் யாருக்கு எவ்வளவு என்பதைத் தாளில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் 'நண்பன் ஒருவன்' ஒரே ஒரு வரியில் வந்து போகிறான். அவன் கையெழுத்து இல்லாமல் தயாரிப்பாளரிடம் எதையும் கொடுக்காதீர்கள். படிக்கும்போது செய்தது என்பதால் பாலிடெக்னிக்கில் நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் உரிமை பற்றி என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

எந்த வயதுத் தரநிலைக்குப் படம் எடுக்கிறார்கள் என்று தயாரிப்பாளரிடம் எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஜி முதல் ஆர்21 வரை ஆறு படிகள் இருக்கின்றன. என்சி16 வந்தால் உங்கள் கேமை ஆடிய பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ளே வர முடியாது. உங்கள் 60-ஆம் பக்கத்து ரத்தம் அதற்குத் தகுமா?

தாழ்வாரத்திலும் கீழ்த்தளத்திலும் படமெடுக்க நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். எல்லா மாடியும் ஒன்றுபோலத்தானே இருக்கும், ஒரே மாடியில் எடுத்து எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்தில் படப்பிடிப்பு வைக்காதீர்கள். அந்த மாதத்துக் கெத்தாய் பாட்டு மேடைக்கு முன்வரிசை நாற்காலியை ஆவிகளுக்காகக் காலியாக விடுகிற ஊர் இது, உங்கள் குழுவில் பாதிப் பேர் இரவு வேலைக்கு வரமாட்டார்கள். அப்புறம், அடுத்தவர் வாசல் செருப்பைத் தொட்டுத் திருப்பி வைக்காதீர்கள். நாற்பது ஜோடி சொந்தமாக வாங்குங்கள், பழையதாக.

94 பக்கத்தையும் திருத்த வேண்டாம். முதல் பன்னிரண்டு பக்கத்தை மட்டும் புதிதாக எழுதி அனுப்புங்கள். காவலாளி வேண்டாம், வசனம் முடிந்தவரை வேண்டாம். ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்: அந்த எட்டாவது மாடி வீட்டு வாசலில் செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று கடிதத்திலும் இல்லை, அனுப்பிய பக்கங்களிலும் இல்லை. அதையும் எழுதுங்கள்.